எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்த மகளுக்குத் துணை நிற்பது எப்படி: முதல் ஒரு வருடம்

ஜமாத் வீடுகளை, அதாவது மூத்த திருநங்கை குருவாகவும் இளையவர்கள் மகள்களாகவும் சேர்ந்து வாழும் வீடுகளை, நடத்தும் மூத்தவர்களுக்காகவும், எச்.ஐ.வி. வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் திருநங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் விழுப்புரம் பக்கம். டி.ஐ. என்கிற எச்.ஐ.வி. தடுப்பு புராஜெக்டில் பியராக, அதாவது நம் ஆட்களிடையே வேலை செய்கிற நம்மில் ஒருத்தியாகச் சேர்ந்து, பிறகு களப்பணியாளராகி, இப்போது மகள்களோடு ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ரத்தம் எடுப்பதும் மாத்திரை கொடுப்பதும் ஆஸ்பத்திரியின் வேலை. அந்த மாத்திரை தினமும் ஒருத்தியின் வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை. இத்தனை வருடத்தில் நான் கண்டது என்னவென்றால், மாத்திரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுபோவதில்லை. நம் பிழைப்பு இடம் மாறுகிற இடங்களில்தான் நின்றுபோகிறது. கூவாகம் திருவிழாவுக்குப் போகும்போது, மும்பைக்கு ரயில் ஏறும்போது, நிர்வாணம் என்கிற ஆணுறுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் படுக்கும்போது, குருவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பும்போது. அந்த இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த வேலைக்கு நம்மிடம் முன்னோடிகள் இருக்கிறார்கள். 1986இல் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். அடுத்த வருடமே தனக்கும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர் சென்னையைச் சேர்ந்த திருநங்கை நூரி அம்மா. அப்போது மருந்து கிடையாது. ஏ.ஆர்.டி. என்கிற இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. நடுவில் போன அத்தனை வருடங்களையும் தாண்டி நின்று, பாசிட்டிவ் ஆனவர்களுக்கு அமைப்பு கட்டினார் அவர். எய்ட்ஸில் இறந்துபோன தன் நண்பர்கள் மூன்று பேரின் பெயர்களில் இருந்து முதல் எழுத்துகளை எடுத்து ஓர் அறக்கட்டளைக்குப் பெயர் வைத்து, எச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தைகளுக்கு வீடு நடத்தினார். பதவியோ மைக்கோ இல்லாமல், ஆள் ஆளாகப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டுச் செய்த வேலை அது. தலைமை என்று நான் சொல்வது அதைத்தான். அதை எந்த வீட்டிலும் செய்யலாம்.

பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்போது

2017இல் அரசு எடுத்த கண்காணிப்புக் கணக்கில், நாட்டில் வயது வந்தவர்களிடையே எச்.ஐ.வி. 0.22 சதவீதம், திருநங்கைகளிடையே 3.14 சதவீதம். நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று எந்தக் குருவும் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் சேர்த்துப் பரிசோதனை செய்துகொள்வதை வீட்டு வழக்கமாக ஆக்குங்கள். நீங்கள் முதலில் கையை நீட்டினால் மகள்களுக்குப் பயம் குறையும்.

அதே சமயம் யாரையும் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகாதீர்கள். 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவளுடைய சம்மதம் இல்லாமல் டாக்டரே பரிசோதனை செய்யக் கூடாது என்கிறது அது. குருவுக்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வரும்? "பாசிட்டிவ் என்றால் வீட்டில் சேர்க்க மாட்டேன்" என்று ரிப்போர்ட் கேட்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டால் பெண்கள் பரிசோதனையையே விட்டுவிடுவார்கள். வேறொன்றும் நடக்காது.

அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையம் எங்கே என்று விசாரித்துப் போனால் காசு கேட்க மாட்டார்கள். போவதற்கு முந்தின நாளே கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அடையாள அட்டையில் பழைய பெயர் இருக்கும், கூப்பிடும்போது இந்தப் பெயரில் கூப்பிடுங்கள்." சின்ன விஷயம்தான். ஆனால் கூட்டமான வராண்டாவில் ஆண் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் எழுந்து போகாமல் அப்படியே வெளியே நடந்துபோன பெண்கள் உண்டு. முதல் சோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால் உடனே முடிவு சொல்லிவிட மாட்டார்கள். அதே ரத்தத்தை மொத்தம் மூன்று வகைக் கிட்டில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ். இதை முன்பே சொல்லி வைத்தால், உள்ளே நேரமாகும்போது அவள் தவிக்க மாட்டாள்.

கவுன்சிலர் அறைக்குள் அவள் கூப்பிட்டால் மட்டும் போங்கள். இல்லையென்றால் வெளியே, அவள் கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள்.

இன்னொன்றையும் எல்லா மகள்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆணுறை கிழிந்துபோனாலோ, ரவுடிகள் இழுத்துப்போய்ப் பலாத்காரம் செய்தாலோ, காலை விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் தடுப்பு மாத்திரை வேலை செய்யும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்க் கேளுங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

முடிவு வந்த அன்றைக்கு

அன்றைக்கு அவளிடம் நிறையப் பேச வேண்டாம். வைரஸ், சி.டி.4 என்கிற எதிர்ப்பு அணுக்கள் என்று பாடம் எடுத்தால் எதுவும் காதில் ஏறாது. நான் மூன்றே விஷயம் சொல்வேன். இதற்கு மருந்து இருக்கிறது, இலவசம். நீ இந்த வீட்டில்தான் இருக்கப் போகிறாய். யாரிடம் சொல்வது என்பதை நீ முடிவு பண்ணு, என் வாயிலிருந்து வராது.

மூன்றாவதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஜமாத்தில் ரகசியம் நிற்காது, நமக்கே தெரியும். குருவின் குருவான நானிக்குத் தெரிந்தால் அடுத்த ஊர் ஜமாத்துக்குத் தெரியும். அவளுடைய குருவாகவே இருந்தாலும், அவள் சம்மதிக்காமல் சொல்லாதீர்கள். போனில் அவள் பெயருக்குப் பக்கத்தில் எதையும் குறித்து வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் "நாளைக்கு ஏ.ஆர்.டி. போகிறவர்கள் யார்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். ஆஸ்பத்திரித் தேதிகளை எழுதி வைக்க ஒரு நோட்டுப் போடுகிறீர்களா, தேதியும் உங்களுக்கு மட்டும் புரிகிற ஓர் அடையாளமும் போதும். பெயர் வேண்டாம்.

அன்றிரவு அவளைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு பலருக்கும் வரும். அதைக் கேட்கக் கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த நினைப்பு அதிகமாகாது. ஆமாம் என்றால் விடிய விடியக் கூடவே இருங்கள், எலி மருந்து, தூக்க மாத்திரை மாதிரி எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் 14416 எண் இருக்கிறது. எச்.ஐ.வி. பற்றி எது கேட்பதானாலும் 1097. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அப்புறம் சாப்பாடு. ஒரே தட்டில் நீங்களும் கை வைத்துச் சாப்பிடுங்கள். எச்சிலில் பரவாது என்று ஆயிரம் முறை சொல்வதைவிட அவளுக்கு அது புரியும்.

மருந்து தொடங்குவது

முன்பெல்லாம் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. அப்புறம் 350 ஆக்கினார்கள், அப்புறம் 500. 2017இலிருந்து எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் பாசிட்டிவ் என்றால் மருந்து உண்டு. அதனால் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு பார்க்கலாம்" என்கிற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். முடிவு வந்து ஒரு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள். முதல் நாள் நேரமாகும்: பதிவு, கவுன்சிலிங், ரத்தச் சோதனை, டாக்டர், பிறகு மருந்தகம். சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, அது ஓர் உதவி.

டாக்டர் நான்கு கேள்வி கேட்பார். இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, ராத்திரியில் வியர்க்கிறதா. டி.பி.யைக் கண்டுபிடிக்கத்தான் இது. உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீடு நம்முடையது. டி.பி. இருந்தால் அதற்குத் தனி மருந்து, எச்.ஐ.வி. மாத்திரையின் அளவையும் மாற்றுவார்கள். இல்லையென்றால் வராமல் தடுக்க மாத்திரை தருவார்கள். அதையும் முழுதாகச் சாப்பிட வேண்டும்.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரே மாத்திரைதான், அதற்குள் மூன்று மருந்து. நாளைக்கு ஒன்று. எந்த நேரம் என்பதை அவள் பிழைப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலையில் கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவளுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சரியாக வரும். ராத்திரி ரோட்டில் நின்று விடியற்காலையில் படுக்கிறவளிடம் "இரவு ஒன்பது மணிக்குப் போடு" என்று சொன்னால் வாரத்தில் பாதி நாள் தவறிப்போகும். அவளுக்கு மத்தியானம் எழுந்து டீ குடிக்கிற நேரம்தான் நிலையான நேரம். சிலருக்கு முதல் சில வாரம் தூக்கம் கெடும், தலை வலிக்கும், குமட்டும். தூக்கம் கெட்டால் மாத்திரையைப் பகலுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தாங்களாகவே நிறுத்தக் கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

டப்பாவை எங்கே வைப்பது என்பதைப் பற்றி மட்டும் நான் நிறையப் பேசுவேன், ஏனென்றால் பலர் மாத்திரையை விட்டது அந்த ஒரு காரணத்தால்தான். பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தால் உள்ளே மாத்திரை கலகலவென்று சத்தம் போடும். பைக்குள் அந்தச் சத்தம் கேட்டாலே "என்னடி அது?" என்று ஒருத்தி கேட்பாள். உள்ளே கொஞ்சம் சுத்தமான பஞ்சு வைத்தால் சத்தம் வராது. மேலே இருக்கிற லேபிளை அவள் எடுத்துவிட விரும்பினால், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எடுக்கட்டும். மேக்கப் பெட்டிக்குள் வைக்கிறவர்கள் உண்டு, அது நல்ல இடம். யாரும் அடுத்தவள் மேக்கப் பெட்டியைச் சொல்லாமல் தொட மாட்டார்கள். வெயில் படுகிற ஜன்னல், அடுப்புப் பக்கம், குளியலறை வேண்டாம். வெளியே போகும்போது இரண்டு நாளுக்கான மாத்திரை கைப்பையில் தனியாக இருக்கட்டும். போலீஸ் பிடித்தாலும், பஸ் தவறினாலும் அது உதவும்.

ஹார்மோன் எடுக்கிற மகள்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று: "இந்த மாத்திரை போட்டால் மார்பு வளர்வது நின்றுவிடுமா?" இப்போது கொடுக்கிற மாத்திரையால் ஹார்மோன் வேலை கெடுவதில்லை. இரண்டையும் எடுக்கலாம். ஆனால் என்ன ஹார்மோன், எவ்வளவு, கடையில் தானே வாங்கியதா என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் மாதிரி மருந்துகள்தான் இடைஞ்சல். இவை எச்.ஐ.வி. மருந்தை உடம்பில் ஏறவிடாது. எச்.ஐ.வி. மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இவற்றைச் சாப்பிடலாம். முதலில் இவற்றைச் சாப்பிட்டுவிட்டால் எச்.ஐ.வி. மாத்திரைக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எச்.ஐ.வி.யையே குணமாக்குகிறேன் என்று லேகியம் விற்கிறவன் வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

மாத்திரை நின்றுபோகும் இடங்கள்

கூவாகம். சித்திரையில் கிளம்பினால் விழுப்புரத்தில் சில நாள், அப்புறம் கூவாகம், அங்கிருந்து தோழி வீடு என்று பல பேருக்குப் பதினைந்து நாள் ஓடிவிடும். குடியும் இருக்கும், தூக்கம் இருக்காது. பங்குனியிலேயே மாத்திரைத் தேதியைப் பாருங்கள். நடுவில் வருகிறது என்றால் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்கிற அன்றைக்கு மாத்திரையை விட்டுவிட வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு இன்னும் சுற்றுகிறது. அது தவறு. குடி நல்லதல்ல, ஆனால் குடித்திருந்தாலும் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும்.

மும்பை, பெங்களூரு என்று இடம் மாறுவது. நிரந்தரமாகப் போகிறாள் என்றால் டிரான்ஸ்பர் எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது இல்லாமல் போய்விட்டாலும் பரவாயில்லை, எந்த ஊர் அரசு ஏ.ஆர்.டி. மையத்திலும் பழைய மையம் தந்த கார்டைக் காட்டிக் கேட்கலாம். அதனால் கார்டின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அவள் போனில் மட்டும் வையுங்கள். போன ஊரில் நம்பகமான ஒருத்தியின் எண்ணை, அவள் சம்மதத்தோடு, கொடுத்து அனுப்புங்கள்.

நிர்வாணம். நாற்பது நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், சடங்காகப் பால் ஊற்றுகிற வரை வெளியே போகக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த நாற்பது நாளில் மாத்திரை தீர்ந்துபோனால் "வெளியே போகக் கூடாது" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். நிலையாக மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துத் தருகிற வசதி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே கவுன்சிலரிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஆபரேஷனையும் அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி இல்லாமல் அறுத்துவிடுகிற தாயம்மாவிடம் போன காலத்தில் எத்தனை பேரைப் புதைத்தோம் என்று மூத்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டுச் சண்டை. ஒருத்தி கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், கணக்கு வழக்கு, ரீத் (ஜமாத்தில் சேர்க்கும் சடங்கு), அபராதம் எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்ளலாம். கார்டையும் மாத்திரையையும் மட்டும் கையில் கொடுத்து அனுப்புங்கள். அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வது அவளைக் கொல்வதற்குச் சமம். இதை நான் பஞ்சாயத்திலேயே எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன்.

ஆறாவது மாதம்

மருந்து தொடங்கி ஆறு மாதத்தில் வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், அப்புறம் பன்னிரண்டாவது மாதம், அப்புறம் வருடம் ஒருமுறை. இந்தத் தேதியை விடவே கூடாது. வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் அவளிடமிருந்து யாருக்கும் எச்.ஐ.வி. பரவாது. உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்து உறுதிப்படுத்திய விஷயம் இது. என் மகள் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, கட்டிக்கொண்டவனோடு மறுபடியும் பயமில்லாமல் வாழ ஆரம்பித்தாள். ஆணுறையை விட்டுவிடச் சொல்லவில்லை. சிபிலிஸ், கொனோரியா எல்லாம் மாத்திரைக்குக் கட்டுப்படாது. ஆனால் தன்னை ஒரு விஷம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு இந்தச் செய்தியை நிதானமாக உட்கார்ந்து சொல்லுங்கள்.

எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் திட்டாதீர்கள். எந்தெந்த நாள் தவறியது, ஏன் தவறியது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் மேலே சொன்ன இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கேவலப்படுத்தினால்

பாசிட்டிவ் என்பதற்காக வைத்தியம் மறுப்பதும், கேஸ் ஷீட் மேல் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைப்பதும், வார்டில் சத்தமாகச் சொல்வதும் சட்டப்படி கூடாது. ஒரு மகளைக் கால் முறிவோடு கூட்டிப் போனபோது, கட்டுப் போடவேண்டிய இடத்தில் அவளைத் தொடாமல் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அங்கே நான் கத்தவில்லை. கத்தினால் "திருநங்கைகள் தகராறு" என்று போலீஸைக் கூப்பிடுவார்கள், விஷயம் திசை மாறிவிடும். தேதி, நேரம், எந்த வார்டு, யார் என்ன சொன்னார்கள் என்று அங்கேயே எழுதினேன், பக்கத்துக் கட்டில்காரரைச் சாட்சியாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு கண்காணிப்பாளர் அறைக்குப் போய் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். அன்று மாலையே கட்டுப் போட்டார்கள்.

நீங்களும் இந்த வரிசையில் செய்யுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அங்கே நடக்கவில்லை என்றால் மாநில அளவில் குறைதீர்ப்பு அதிகாரி இருக்கிறார். முப்பது நாளுக்குள் அவர் உத்தரவு போட வேண்டும், உயிருக்கு அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு எழுத உதவி கேட்கலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான். பெயர் வெளியே வரும் என்று பயந்தால் விட்டுவிடுங்கள்.

புராஜெக்ட் மூடினால்

2021இல் ஹைதராபாத்தில் மித்ர் கிளினிக் என்று திருநங்கைகளே நடத்துகிற மருத்துவமனை திறந்தார்கள். எச்.ஐ.வி., ஹார்மோன், மனநலம் எல்லாம் ஒரே இடத்தில். அமெரிக்க உதவிப் பணத்தில் நடந்தது. 2025 ஜனவரியில் அங்கே பணத்தை நிறுத்தியதும் இங்கே கதவை மூடவேண்டி வந்தது. அவ்வளவு நல்ல இடத்துக்கே அந்த நிலைமை. நம் ஊர் புராஜெக்டுகளும் வரும், போகும், சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாகும்.

அதனால் உங்கள் வீட்டில் உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேராவது இந்த வேலை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஏ.ஆர்.டி. மையத்தின் கவுன்சிலரையும் சிஸ்டரையும் அவர்களுக்கு முகம் தெரிய வேண்டும். வீட்டுக் கணக்கில் மாதம் ஒரு சிறு தொகை, ஆஸ்பத்திரிச் செலவு என்று மட்டும் பெயர் போட்டு ஒதுக்கி வையுங்கள். பஸ் போகாத நேரத்து ஆட்டோவுக்கு, ரத்தச் சோதனை முடிந்ததும் இட்லி வாங்கித் தர. திருநங்கைகள் நலவாரிய அட்டை இல்லாத மகள்களுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். யாரை இந்த வேலைக்குப் பழக்குவது என்று கேட்டால், நன்றாகப் பேசுகிறவளைத் தேடாதீர்கள். அடுத்தவள் கதையை வெளியே சொல்லாதவள் யார் என்று பாருங்கள். அவளை அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கூடவே கூட்டிப் போங்கள், கூட வரும் மகளிடம் முதலில் கேட்டுவிட்டு.